போசனத்துக்கு முன் செபம்: ஒரு சித்திரம் சொல்லும் பாடம்



போசனத்துக்கு முன் சொல்லும் செபத்தைப் பற்றி இவ்வாரம் எழுதலாம் என்று இருந்தேன். ஞானோபதேசத்தில் உள்ளபடி கேள்வியும் பதிலுமாக எழுதினால் பெரியவர்கள் "இது நமக்குத் தெரிந்ததுதானே" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். சிறுவர்களோ பரீட்சை ஞாபகம் வந்து பயப்படுவார்கள். ஆகையால் ஒரு சித்திரத்தை உங்கள் கண் முன் வைத்து, அதைக்கொண்டே பேசப் போகிறேன். சித்திரத்தின் பெயரே "பெனெதிசிதே" என்பது. இலத்தீன் மொழியில் "வாழ்த்துங்கள்" என்று அதற்குப் பொருள். துறவற மடங்களில் உணவுக்கு முன் சொல்லும் செபம் இந்த வார்த்தையில் தொடங்கியபடியால், பிரான்ஸ் தேசத்துக் கத்தோலிக்க மக்கள் போசன செபத்துக்கே இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

இதை வரைந்தவர் ழான் சிமெயோன் ஷார்தேன் என்னும் பாரிஸ் நகரத்துச் சித்திரக்காரர். 1740-ஆம் ஆண்டில் மக்கள் பார்வைக்கு வைத்தார். இப்போது பாரிசில் லூவர் காட்சிசாலையில் இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற சித்திரம் என்றதும் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் என்று எண்ணாதீர்கள். உயரம் சுமார் 50 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். அகலம் 40 சென்டிமீட்டர்கூட இல்லை. கித்தான் துணியில் எண்ணெய் வர்ணத்தால் தீட்டியது. உங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் திருக்குடும்பப் படத்தைக் காட்டிலும் சிறியதாக இருந்தாலும் இருக்கும்.

அதில் காண்பது என்ன? ஓர் அறை. அலங்காரம் அதிகமில்லை, ஏழ்மையும் இல்லை. வெள்ளைத் துணி விரித்த வட்ட மேசை ஒன்று. வெள்ளைத் தலைக்குல்லாய் அணிந்த தாய், உணவு பரிமாற மேசையின்மேல் குனிந்து நிற்கிறாள். மேசையருகில் மூத்த பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இப்புறம், தாழ்ந்த சிறு நாற்காலியில், குடும்பத்தின் கடைக்குட்டி இரு கைகளையும் குவித்துக்கொண்டு தாயின் முகத்தை அண்ணாந்து பார்த்தபடி செபம் சொல்லுகிறது. நாற்காலியில் ஒரு விளையாட்டு மேளம் தொங்குகிறது. தரையில் கரி போட்டு மூட்டும் குமுட்டி போன்ற சிறு அடுப்பு ஒன்று இருக்கிறது. இவ்வளவே. ஒரு சம்மனசு இல்லை, மேகத்திலிருந்து இறங்கும் ஒளிக்கதிர் இல்லை, சுவரில் பாடுபட்ட சுரூபமும் கண்ணில் படவில்லை.

அந்தக் கடைக்குட்டியைப் பெண் பிள்ளை என்றே முதலில் நினைப்பீர்கள், ஏனென்றால் பாவாடையும் குல்லாயும் அணிந்திருக்கிறது. அக்காலத்துப் பிரான்சில் ஆண் பிள்ளைகளுக்கும் ஆறேழு வயது வரைக்கும் பாவாடைதான் உடுத்துவார்கள். மேளத்தைக் கண்டதும் ஆண் பிள்ளை என்று ஊகிக்கலாம். 1744-இல் இந்தச் சித்திரத்தைச் செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்டபோது அடியில் எழுதிய பாட்டிலும் "தம்பி" என்றே குறித்திருக்கிறார்கள். அந்தப் பாட்டைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன், அதன்மேல் எனக்கு ஒரு வழக்கு உண்டு.

இப்போது மேளத்தைக் கவனியுங்கள். ஒரு நிமிஷத்துக்கு முன் அந்த வீடு எப்படி இருந்திருக்கும்! பையன் மேளத்தை அடித்துக்கொண்டு அறையைச் சுற்றி வந்திருப்பான். அக்காள் காதைப் பொத்தியிருப்பாள். தாய் இரண்டு முறை கூப்பிட்டிருப்பாள், மூன்றாம் முறை குரலை உயர்த்தியிருப்பாள். பிள்ளை பெற்றவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மேளத்தைத் தாய் பிடுங்கி அறைக்கு வெளியே எறிந்துவிடவில்லை. அது நாற்காலியிலேயே தொங்குகிறது. செபம் முடிந்து, சாப்பாடு முடிந்து, மறுபடியும் அடிக்கலாம். விளையாட்டுக்கும் செபத்துக்கும் அந்த வீட்டில் பகையில்லை. ஒன்றுக்கு ஒரு நேரம், மற்றதற்கு ஒரு நேரம்.

அடுத்தபடியாகத் தாயைப் பாருங்கள். நான் இந்தச் சித்திரத்தை உங்களுக்குக் காட்ட விரும்பியதற்கு அவளே காரணம். அவள் கைகளைக் குவித்து நிற்கவில்லை. கண்களை மூடிக்கொள்ளவுமில்லை. பரிமாறக் குனிந்தவள் குனிந்தபடியே இருக்கிறாள். வேலை பாதியில் நிற்கிறது. அவள் கண்கள் பையன் முகத்தில் இருக்கின்றன. அவன் அடுத்த வார்த்தையை நினைவுக்குக் கொண்டுவருகிறானா என்று காத்திருக்கிறாள். முழுச் செபத்தையும் தானே வேகமாகச் சொல்லி முடித்திருந்தால் உணவு ஆறாமல் இருக்கும், அவளுக்கும் வேலை முடியும். அப்படிச் செய்யவில்லை. வார்த்தையை அவன் வாயிலிருந்து அவனே எடுக்கட்டும் என்று நிற்கிறாள்.

பக்தியுள்ள தாய் என்று நாம் யாரைச் சொல்லுகிறோம்? கோவிலில் முழங்காலில் நெடுநேரம் நிற்பவளை, செபமாலை விடாதவளை. அது மெத்தச் சரியே. ஆனால் இந்தத் தாயின் பக்தி அவள் நிறுத்திய கையில் இருக்கிறது. பிள்ளைக்குச் செபம் கற்பிப்பது என்பது வார்த்தைகளை மனப்பாடம் செய்விப்பது மட்டும் என்றால், அது கிளிக்குக் கற்பிப்பதுபோல் ஆகும். தன் தாய், தான் மிகவும் மதிக்கும் வேலையைக்கூட இதற்காக நிறுத்துகிறாள் என்பதை அந்தப் பையன் தினம் இரண்டு வேளை கண்ணால் காண்கிறான். அதைக் கண்டபிறகு, செபம் பெரிய காரியம் என்று யாரும் அவனுக்கு வாயால் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டின் வழக்குக்கு இப்போது வருகிறேன். லெபிசியே என்பவர் இந்தச் சித்திரத்தைச் செப்புத் தகட்டில் வெட்டினார். அவ்வித அச்சுப் படங்கள் அதிக விலையில்லாதபடியால் சாதாரணக் குடும்பங்களும் வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடியவை. படத்தின் கீழ் நான்கு வரிகள் சேர்ப்பது அக்காலத்து வழக்கம். அந்த வரிகளின் கருத்து இதுதான்: தம்பி திக்கித் திணறிச் செபம் சொல்லுவதைக் கண்டு அக்காள் மறைவாகச் சிரிக்கிறாள், அவனோ அதைப் பொருட்படுத்தாமல் செபத்தை அவசர அவசரமாக முடிக்கிறான், ஏனெனில் பசிதான் அவனுக்கு நியாயம். அதாவது பையனுக்குச் சர்வேசுரன்மேல் கவனமில்லை, சாப்பாட்டின்மேல் கவனம் என்று கேலி.

கேலி என்னவோ வேடிக்கையாகத்தான் இருக்கிறது. உண்மையும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் சித்திரத்தில் அந்தக் கேலி எங்கே இருக்கிறது என்று தேடினால் எனக்கு அகப்படவில்லை. தாயின் முகத்தில் அது இல்லை. பையனின் முகத்திலும் இல்லை. சித்திரக்காரர் ஒன்றைக் காட்ட, பாட்டுக்காரர் மற்றொன்றைச் சொல்லியிருக்கிறார் என்பதே என் எண்ணம்.

இருந்தாலும் பாட்டு எழுப்பும் கேள்வியைச் சும்மா தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அது உங்களில் பலர் என்னிடம் கேட்கும் கேள்விதான். "சாமி, பிள்ளைகள் செபம் சொல்லுகிறார்கள், மனசெல்லாம் தட்டின்மேல் இருக்கிறது. இது செபமா? சர்வேசுரனுக்கு இது அவமரியாதை அல்லவா? இப்படிச் சொல்லுவதைவிடச் சொல்லாமலிருப்பது மேலல்லவா?" பெரியவர்கள் தங்களைப் பற்றியும் இதையே கேட்கிறார்கள். செபமாலையின் மூன்றாம் பத்துமணியில் இருக்கும்போது மனம் கடைக் கணக்கில் போய்விடுகிறது என்று வருந்துகிறவர்கள் உண்டு.

13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மகா வேதசாஸ்திரியாகிய அர்ச். தோமாஸ் அக்வினாஸ் இதே கேள்வியை எடுத்து விசாரித்திருக்கிறார். செபத்தில் மூன்று வகைக் கவனம் உண்டு என்கிறார். வார்த்தைகளைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டும் என்னும் கவனம் ஒன்று. வார்த்தைகளின் பொருளின்மேல் வைக்கும் கவனம் இரண்டாவது. செபத்தின் நோக்கமாகிய சர்வேசுரன்மேலும், நாம் கேட்கும் நன்மையின்மேலும் வைக்கும் கவனம் மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் முக்கியமானது. படிப்பறிவில்லாத எளியவர்களுக்கும் இது கைகூடும் என்கிறார் அவர். இலத்தீன் தெரியாத பாட்டிக்கும் உண்டு, நாலு வயதுப் பையனுக்கும் உண்டு.

அதோடு அவர் நிறுத்தவில்லை. நல்ல நோக்கத்தோடு செபத்தைத் தொடங்கியவன், தன்னையறியாமல் மனம் சிதறிப்போனாலும், அந்த முதல் நோக்கத்தின் பலத்தால் அவன் செபம் முழுவதும் பலனுள்ளதாகவே இருக்கும் என்கிறார். வேண்டுமென்றே மனத்தை அலையவிட்டால் அது பாவம். தன்னையறியாமல் அலைந்தால் செபத்தின் பேறுபலன் போகாது. ஆனால் ஒன்று போகும் என்று அவரே எச்சரிக்கிறார்: செபத்தினால் ஆத்துமத்துக்கு வரும் இனிமையான ஊட்டம் அந்த நேரத்தில் கிடையாது. கவனமில்லாமல் உண்டவனுக்கு வயிறு நிறையும், ருசி தெரியாது என்று நான் இதை எனக்கு விளக்கிக்கொள்ளுவது உண்டு.

ஆகவே பசியோடு அவசரமாகச் செபம் சொல்லும் பிள்ளையை மிரட்டாதீர்கள். அந்தப் பசியை அப்படி இழிவாகவும் எண்ணாதீர்கள். போசன செபம் எதற்காக ஏற்பட்டது? நம்மையும், அவர் தந்த இந்த உணவையும் ஆசீர்வதிக்கும்படி சர்வேசுரனை மன்றாடுவதற்காக. கேட்கும் நன்மையின்மேல் கவனம் வைப்பதும் செபத்தின் கவனமே என்று வேதசாஸ்திரியே சொல்லும்போது, சோற்றின்மேல் கண் வைத்துச் சோற்றுக்காகச் செபம் சொல்லுகிற பையன் அவ்வளவு தூரம் வழிதவறிப் போய்விடவில்லை. வயிறு நிறைந்தபின் நன்றி செபம் சொல்லும்போது அவன் ஓடிப்போகாமல் இருக்கிறானா என்பதே கடினமான சோதனை. அதைச் சித்திரமாக வரைந்தவர் யாரும் உண்டா என்று தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை.

இந்தச் செபம் ஏதோ மடங்களில் பிறந்து வீடுகளுக்கு வந்த வழக்கம் மாத்திரம் அல்ல. மடங்களில் இதை 144-ஆம் சங்கீதத்தின் வசனங்களோடு நீளமாகச் சொல்லுவார்கள், வீடுகளில் சுருக்கமாகச் சொல்லுவார்கள், அது உண்மை. ஆனால் நம் ஆண்டவரே வனாந்தரத்தில் அப்பங்களைப் பலுகச் செய்வதற்கு முன் வானத்தை நோக்கி ஆசீர்வதித்தார். எம்மாவூஸ் ஊரில் சீஷர்கள் அவரை அடையாளம் கண்டது மேசையில் அப்பத்தை ஆசீர்வதித்துப் பிட்கும்போதுதான். அர்ச். சின்னப்பர் ரோமாபுரிக்குக் கைதியாகப் போகையில், புயலில் அகப்பட்ட கப்பலில், பதினான்கு நாளாகச் சரியாக உண்ணாமல் பயந்து கிடந்தவர்கள் நடுவில் அப்பத்தை எடுத்து, எல்லோருக்கும் முன்பாக நன்றி சொல்லிப் பிட்டார். கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். அவர்களில் பெரும்பாலோர் அஞ்ஞானிகள். அவர் வெட்கப்படவில்லை. பந்தியில் வேற்று மதத்தார் பக்கத்தில் இருந்தால் சிலுவை அடையாளத்தை மூக்கைத் தடவுவதுபோல் மறைத்துப் போடுகிறவர்கள் இந்த இடத்தை அப்போஸ்தலர் நடபடியில் 27-ஆம் அதிகாரத்தில் ஒரு முறை வாசிக்கலாம்.

சித்திரக்காரரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஷார்தேன் 1699 நவம்பர் 2-ஆம் தேதி பாரிசில் பிறந்தவர். அன்று மரித்தோர் திருநாள். தந்தை மரவேலை செய்கிறவர். அரசருக்குப் பில்லியர்ட்ஸ் விளையாடும் மேசைகள் செய்து கொடுத்தார். அந்நாட்களில் சித்திரங்களிலும் சாதிபேதம் இருந்தது. 1667-இல் பெலிபியேன் என்னும் பண்டிதர் அதற்கு ஒரு வரிசை வகுத்து எழுதிவைத்தார்: வேதாகமம், சரித்திரம், புராணம் இவற்றை வரைகிறவர்களுக்கு முதல் இடம், மனித முகங்களைத் தீட்டுகிறவர்களுக்கு அதற்குக் கீழே, பழம், பூ, பாத்திரம் வரைகிறவர்களுக்கு எல்லாருக்கும் கீழே. ஷார்தேன் 1728-இல் அரச சித்திரச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டது மிருகங்களையும் பழங்களையும் வரைவதில் வல்லவர் என்னும் பெயரில்தான். அதாவது கடைசி பெஞ்சியில். அன்று அவர் கொடுத்த சித்திரங்களுள் ஒன்றில் குடலை எடுத்துச் சுத்தம் செய்து தொங்கவிட்ட திருக்கை மீன் இருக்கிறது, அதையும் லூவரில் இன்று கூட்டமாக நின்று பார்க்கிறார்கள்.

மீனும் பழமும் வரைந்தவர் மனிதரை வரையத் தொடங்கியதற்கு ஒரு கதை சொல்லப்படுகிறது. அவருடைய சிநேகிதர் அவேத் என்பவர் முகச் சித்திரக்காரர். ஒரு சீமாட்டி தன் முகத்தை 400 லீவர் கூலிக்கு எழுதச் சொன்னாள். அவேத் அது போதாது என்று மறுத்துவிட்டார். "நானூறு என்ன சிறு தொகையா?" என்று ஷார்தேன் கேட்டார். அதற்கு அவேத், முகம் எழுதுவது சாசேஜ் இறைச்சித் துண்டு எழுதுவதுபோல் சுலபமாக இருந்தால் நீர் சொல்லுவது சரியே என்று பதில் சொன்னாராம். அது ஷார்தேனுக்குச் சுருக்கென்று தைத்தது. அதன்பின் மனிதர்களை வரையத் தொடங்கினார் என்பார்கள். ஆனால் அவர் தேர்ந்துகொண்ட மனிதர்கள் அரசர்களும் சேனாபதிகளும் அல்ல. சந்தையிலிருந்து ரொட்டி சுமந்து வந்த வேலைக்காரி, பள்ளிக்குப் புறப்படும் பையனின் தொப்பியைத் துடைக்கும் ஆசிரியை, மகளுடைய தையலைச் சோதிக்கும் தாய், இப்படிப்பட்டவர்களே.

அவர் 1731-இல் திருமணம் செய்தார். அதே ஆண்டில் ஒரு மகன் பிறந்தான், பின்பு ஒரு மகள். 1735-இல் மனைவி இறந்துபோனாள். சின்ன மகளும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தாள். நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தச் சித்திரத்தை அவர் 1740-இல் சலோன் என்னும் பொதுக் கண்காட்சியில் வைத்தபோது அவருக்கு வயது நாற்பது. வீட்டில் தாயில்லாத எட்டு வயது மகன். மேசையில் பரிமாறக் குனிந்து பிள்ளைக்காகக் காத்து நிற்கும் பெண் அந்த வீட்டில் இல்லை.

1744-இல் ஒரு விதவையை மறுமணம் செய்தார். அவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தையும் சிசுவாகவே போயிற்று. மகனும் சித்திரக்காரனாகி 1754-இல் சங்கத்தின் முதல் பரிசைப் பெற்றான். ஆயினும் பிற்பாடு தாய்வழிச் சொத்தைப் பற்றித் தந்தைக்கும் மகனுக்கும் மனஸ்தாபம் வந்தது, மகன் தந்தைக்கு முன்பே இறந்தான். இவ்வளவு அமைதியான குடும்பத்தைச் சித்திரத்தில் வரைந்தவருக்குச் சொந்த வீட்டில் அந்த அமைதி நெடுநாள் நிலைக்கவில்லை. "எங்கள் வீட்டில் வருத்தமே வருத்தம், சாமி, குடும்ப செபம் எல்லாம் நிம்மதியாக இருக்கிறவர்களுக்கு" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதைச் சற்று விரித்து எழுதினேன்.

1740 நவம்பர் மாதத்தில் ஷார்தேன் வெர்சாய் அரண்மனைக்கு அழைத்துச் செல்லப்பட்டு 15-ஆம் லூயி அரசருக்கு இரண்டு சித்திரங்களைக் காணிக்கையாகக் கொடுத்தார். ஒன்று மகளின் தையலைச் சோதிக்கும் தாய். மற்றொன்று இந்தப் "பெனெதிசிதே". அந்த அரண்மனையில் போசனம் எப்படி நடந்தது தெரியுமா? அரசர் உண்பதே ஒரு சடங்கு. அவர் பகிரங்கமாக உண்ணும் நாட்களில் சனங்கள் நின்று வேடிக்கை பார்க்கலாம். உணவை ஆசீர்வதிக்க அரண்மனைக் குருவானவர் தயாராக நிற்பார். அரசர் வாய் திறக்க வேண்டியதில்லை. அப்பேர்ப்பட்ட மேசைக்குச் சொந்தக்காரரின் கையில், வீட்டில் எல்லாருக்கும் சிறியவன் செபம் சொல்ல எல்லாரும் காத்திருக்கும் மேசையைக் கொண்டுபோய்க் கொடுத்தார் அந்த மரவேலைக்காரரின் மகன். அரசர் அதைப் பார்த்து மனம் திருந்தினார் என்று நான் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அவருடைய சீவியத்தைப் பற்றிச் சரித்திரம் வேறு விதமாகச் சொல்லுகிறது. சித்திரம் அரசாங்கப் பொக்கிஷத்தில் சேர்ந்து நெடுங்காலம் கிடந்தது. அடுத்த நூற்றாண்டில்தான் ஷார்தேனை மறுபடியும் தேடத் தொடங்கினார்கள். இதே சித்திரத்தை அவர் தம் கையாலேயே மீண்டும் மீண்டும் வரைந்திருக்கிறார். ஒரு படி 1869-இல் லா காஸ் என்பவரின் மரண சாசனத்தின்மூலம் லூவருக்கே வந்து சேர்ந்தது, 1744 என்று தேதியிட்ட மற்றொன்று ரஷ்யாவில் எர்மிதாஜ் காட்சிசாலையில் இருக்கிறது.

அதே நூற்றாண்டில் கிரெஸ் என்னும் மற்றொரு சித்திரக்காரர் குடும்பக் காட்சிகளைத் தீட்டிப் பெரும் புகழ் பெற்றார். தந்தை பிள்ளைகளுக்கு வேதாகமம் வாசிக்கும் காட்சியை 1755-இல் காட்சிக்கு வைத்தார். பின்னாளில் தந்தை மகனைச் சபிப்பதையும், மகன் திரும்பி வரும்போது தந்தை பிணமாகக் கிடப்பதையும் வரைந்தார். அவற்றில் ஒருவர் கையை உயர்த்துகிறார், ஒருவர் தலையில் அடித்துக்கொள்ளுகிறார், ஒருவர் மயங்கி விழுகிறார். பிரசங்கம் செய்கிறவன் இப்படிச் சொல்லக்கூடாதுதான், ஆனாலும் சொல்லுகிறேன்: கிரெஸ் அதிகமாகப் பிரசங்கம் செய்கிறார். ஷார்தேன் சித்திரத்தில் ஒருவரும் நம்மைத் திருத்த முற்படவில்லை. அவர்கள் நம்மைப் பார்க்கவே இல்லை.

சித்திரத்தில் ஒருவர் குறைகிறார் என்று நீங்களே கண்டிருப்பீர்கள். தந்தை எங்கே? அந்த அறையில் இல்லை. வேலைக்குப் போயிருக்கலாம் என்று சொல்லுவீர்கள், அப்படியே இருக்கட்டும். ஆனால் இந்தப் படத்தைப் பார்க்கும்போது நம்முடைய வீடுகளின் நினைவு எனக்கு வராமல் போகவில்லை. மாலை செபத்தின் நேரத்தில் வீடு சந்திக்கப் போனால், தாயும் பிள்ளைகளும் முழங்காலில் இருப்பார்கள். வீட்டுக்காரர் திண்ணையிலோ, தொலைக்காட்சிக்கு முன்போ, சட்டையை மாட்டிக்கொண்டு வாசலிலோ இருப்பார். "பிள்ளைகள் சொல்லுகிறார்கள், சாமி" என்பார். தகப்பன்மார்களே, பையன் செபத்தைத் தாயின் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். பன்னிரண்டு வயதானதும் அவன் பார்ப்பது உங்கள் முகத்தை. அங்கே ஒன்றும் காணாவிட்டால், செபம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியது என்று தீர்மானித்து, தானும் திண்ணைக்கு வந்துவிடுவான். இதை உங்கள்மேல் கோபத்தினால் எழுதவில்லை. பூசையில் ஆண்கள் பக்கத்தில் நிற்கும் வாலிபர்களை எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு, அது கஷ்டமானதல்ல. காலையில் பள்ளி வண்டி வந்து நிற்கும் நேரத்தில் போசன செபத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்ல முடியாது என்பதை நான் அறிவேன். இராச் சாப்பாட்டின்போதாவது கரண்டியைக் கீழே வையுங்கள். வீட்டில் யார் எல்லாரிலும் சிறியதோ அந்தப் பிள்ளை தொடங்கட்டும். வார்த்தை தடுமாறினால் உடனே எடுத்துக்கொடுக்காதீர்கள், பெரிய பிள்ளைகள் சிரித்தால் கண்ணால் அடக்குங்கள். சிரிப்பு கொஞ்சம் வெளியே வந்துவிட்டாலும் பாதகமில்லை, அந்த அக்காளுக்கும் வந்திருக்கிறது என்று பாட்டுக்காரரே சொல்லுகிறார். தாத்தாவும் பாட்டியும் இருக்கிற வீடுகளில் அவர்கள் முன்பாகவே பேரப்பிள்ளை சொல்லட்டும். செபம் பிழையாக இருந்தால் சாப்பாடு முடிந்தபின் சொல்லித் திருத்துங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ஷார்தேன் அடுத்த ஆண்டு, 1741-இல், காட்சிக்கு வைத்த இன்னொரு சித்திரத்தைப் பற்றியும் எழுத ஆசை. பூசைக்குப் புறப்படும் காலை நேரம். தாய் சிறுமியின் தலை அணியைச் சரிசெய்கிறாள். செபப் புத்தகம் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறது. சிறுமியோ கடைக்கண்ணால் நிலைக்கண்ணாடியில் தன் அழகைப் பார்த்துக்கொள்ளுகிறாள். அது இப்போது சுவீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரில் இருக்கிறது. ஞாயிறு பூசைக்குப் பாதியில் வருகிற குடும்பங்களைப் பற்றிப் பேசும் நாளுக்காக அதை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

"பெனெதிசிதே" சித்திரத்தின் வர்ணப் படி ஒன்றைக் கோவில் வாசலில் அறிவிப்புப் பலகையில், பிள்ளைகளின் கண் உயரத்துக்கு ஒட்டச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகையில் பிள்ளைகளை அதன் முன் நிறுத்துங்கள். மேளம் எங்கே இருக்கிறது என்று நீங்களாகக் காட்டிவிடாதீர்கள். தம்பி என்ன செய்கிறான், அம்மா ஏன் அசையாமல் நிற்கிறாள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில்களில் நன்றாக இருப்பவற்றை ஞானோபதேச வகுப்பில் வந்து என்னிடம் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

உங்கள் பங்குக் குருவானவர்